டோக்கன்காரியின் குரலும் அவள் வீட்டு டியூப் பெட்டியும்

எங்கள் கேட்கும் நூலகத்துக்கு வாசித்துத் தருகிறவர்களைப் பற்றி ஒரு புத்தகம் போடப் போகிறார்களாம். கேட்கிறவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த குரலைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். போன் செய்த பெண்ணிடம், “எனக்குப் பேரெழுதவே வராது, பெருவிரல்தான்” என்றேன். “நீங்க சொல்லுங்கம்மா, வீட்ல யாராச்சும் எழுதட்டும்” என்றாள். சரி, சொல்கிறேன். ஆனால் நான் சொன்னதை யாரும் சீவி சிங்காரிக்கக் கூடாது. அப்படியே போட வேண்டும். இல்லையென்றால் போடவே வேண்டாம்.

கேட்கும் நூலகம் என்றால் தெரியாதவர்களுக்கு: பார்வை போனவர்கள், படுத்த படுக்கையில் இருப்பவர்கள், என்னைப் போல எழுத்து வராதவர்கள், எங்களுக்கெல்லாம் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவார்கள். வாசிக்கிறவர்கள் சம்பளத்துக்கு வருகிறவர்கள் இல்லை. அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஒரு அத்தியாயம் முடித்து அனுப்பினால், அது நம் போனில் வந்து விழும். நான் இந்த வயதில் கதை, கட்டுரை, பயணம் என்று இத்தனை புத்தகம் முடித்திருக்கிறேன் என்றால் அதற்கு முக்கால்வாசிக் காரணம் ஒருத்திதான். என் தலைக்கு மேலே, மேல்மாடியில் குடியிருக்கிற டோக்கன்காரி.

அந்தப் பெயர் அவளுக்கு ஆஸ்பத்திரியில் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் வெளி நோயாளிகள் பிரிவில் டோக்கன் கொடுத்து, மைக்கில் எண் கூப்பிடுகிற வேலை அவளுக்கு. வெறும் எண்ணோடு நிறுத்த மாட்டாள். “முப்பத்திரண்டு வாங்க. மெதுவா எந்திரிங்க, டாக்டர் எங்கயும் ஓடிப் போக மாட்டார்” என்பாள். “நாப்பது, செருப்பை மறந்துட்டுப் போறீங்க பாருங்க” என்பாள். வலியோடு உட்கார்ந்திருக்கிற கூட்டம் அதைக் கேட்டுச் சிரிக்கும். என் முழங்காலுக்காக நான் அங்கே போய்க் காத்திருந்த நாட்களில் டாக்டர் முகம் எனக்கு ஞாபகமில்லை, இவள் குரல்தான் ஞாபகம். பிறகு அந்த இடத்தில் ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது எண்ணை மட்டும் சொல்லும். இவளைக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க யாரோடும் பேசாத வேலை. “பெரியம்மா, தொண்டையில பூட்டுப் போட்ட மாதிரி இருக்கு” என்று வந்து உட்காருவாள். அந்தப் பூட்டைத் திறந்தது கேட்கும் நூலகம்.

பெரியம்மா என்று கூப்பிடுகிறாளே, சொந்தமா என்று கேட்பீர்கள். ரத்த சொந்தம் இல்லை. நானாக மகளாக வைத்துக்கொண்டேன். அதனால் அவள் புருஷன் எனக்கு மாப்பிள்ளை. இதில் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் என்னிடம் நேரில் வந்து பேசட்டும்.

மாப்பிள்ளைக்கு வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. வீட்டுக்கு வந்தால் பால்கனியில் உட்கார்ந்து ஈயம் உருக்கி ஏதாவது ஒட்டிக்கொண்டிருப்பார். அவர் ஒட்டுவதெல்லாம் பாட்டுக் கேட்கிற பெட்டிகள். அவள் அடிக்கடி சொல்லுவாள்: “கல்யாணமான புதுசுல எனக்குப் பூ வாங்கிட்டு வருவார்னு பார்த்தா, டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிட்டு வந்தார் பெரியம்மா.”

அவள் வாசிக்கிற அறை படுக்கையறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. சுவர் முழுக்கப் பழைய பஞ்சுப் போர்வைகளைத் தொங்கவிட்டிருப்பாள், எதிரொலி வராமல் இருக்க. ஒரு மேஜை, ஒரு மைக், ஒரு கணினி. காதில் ஹெட்ஃபோன். தான் வாசிப்பதைத் தானே காதில் கேட்டுக்கொண்டு வாசிப்பது அவள் பழக்கம். ஆஸ்பத்திரியிலும் மைக்கில் சொன்னது கூடம் முழுக்கச் சுற்றி அவள் காதுக்கே திரும்பி வரும் அல்லவா, அந்தப் பழக்கம். ஆனால் கணினியில் நேராகச் செருகிய ஹெட்ஃபோனில் நெடுநேரம் கேட்டால் அவளுக்குக் காது எரிந்தது. “ஸ, ஷ வர்ற இடமெல்லாம் மணலை அள்ளிக் காதுல போடுற மாதிரி இருக்குங்க” என்று புருஷனிடம் சொன்னாள். அவர் ஈயக்கம்பியை எடுத்தார். பால்கனியில் போய் உட்கார்ந்தார்.

சில வாரங்களில் ஒரு பெட்டி வந்தது. என் மருந்து டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே கட்டைவிரல் உயரத்துக்கு இரண்டு கண்ணாடிக் குழல்கள். சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. உள்ளே ஒரு கம்பி மெல்லச் சிவக்க வேண்டும், அதுவரைக்கும் நாம் காத்திருக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“மாப்ளே, இது எங்க காலத்து ரேடியோ பல்பு இல்ல?” என்றேன்.

“பேரு டியூப்புதான் அத்தை. ஆனா அந்த ரேடியோ எல்லாத்துக்கும் மேல கம்பளியைப் போத்தி விட்டுரும். இப்பப் பண்றது அப்படியில்ல. பின்னாடி உஸ்ஸுங்கிற சத்தமே இருக்காது. தெளிவா இருக்கும், ஆனா குத்தாது. நீங்களே போட்டுப் பாருங்க.”

ஒரு பழைய பாட்டை வைத்தார். முதலில் பெட்டி இல்லாமல், பிறகு பெட்டியோடு. பெட்டி இல்லாதபோதும் எல்லாம் கேட்டது, குறை சொல்ல முடியாது. ஆனால் பாடுகிறவளும் வாத்தியக்காரர்களும் ஒரே தகட்டில் ஒட்டிவைத்த படம் போல இருந்தார்கள். பெட்டியோடு கேட்டபோது பாடுகிறவளுக்கு நெஞ்சு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. அவள் மூச்சு இழுக்கிறாள், அது என் கன்னத்துக்குப் பக்கத்தில். முன்பு ஊசிமுனையாக இருந்த இடமெல்லாம் இப்போது விரல்நுனியாக இருந்தது. பாட்டு முடிந்த பிறகும் அதன் வால் கொஞ்ச நேரம் என் காதில் நின்றது. நான் பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருப்பது அபூர்வம் என்பதால் இரண்டு பேரும் பயந்துவிட்டார்கள்.

“பிடிக்கலையா அத்தை?”

“யார் சொன்னா? அந்த மேளம் மட்டும் வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வந்த மாதிரி இருக்கு. மத்தபடி இது மனுஷன் பண்ண பொருள் மாதிரியே இல்ல.”

அவர் சிரித்துவிட்டார். “இந்த ஹெட்ஃபோனோட சேர்ந்தா அடிச் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும் அத்தை. அப்புறம் டியூப்பு தன் பங்குக்கு ஒரு துளி சேர்க்கும். ஒவ்வொரு குரலுக்கும் மேல, அதே குரலோட நிழல் ஒண்ணு ஒரு ஸ்தாயி மேல விழும். அதான் அந்தக் குளுமை.”

அன்று முதல் டோக்கன்காரி அந்தப் பெட்டி வழியாகத்தான் தன் குரலைக் கேட்டு வாசித்தாள். காது எரிச்சல் போயே போய்விட்டது. அந்தச் சமயம் நூலகத்தில் அவளுக்கு ஒரு பெரிய நாவலைக் கொடுத்திருந்தார்கள். ஆற்றில் படகுத்துறை நடத்துகிற மூன்று அக்கா தங்கைகளின் கதை. தலையணை போல இருக்கும் புத்தகம். அதை வாசிக்க வேண்டும் என்று அவள் நெடுநாளாகக் கேட்டுக் கொண்டிருந்தாள். “இது என் குரல்ல வரணும் பெரியம்மா. வேற எதுவும் எனக்கு வேண்டாம்” என்று சொல்லியிருக்கிறாள். மூத்த அக்கா பாத்திரம் தன் அம்மா மாதிரியே இருக்கிறதாம்.

அத்தியாயங்கள் வர ஆரம்பித்தன. நான் மதியத்தில் துணி மடித்துக்கொண்டே கேட்பேன். கதை நல்ல கதைதான். ஆனால் ஏதோ சரியில்லை. டோக்கன்காரி எங்கேயோ பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. வாக்கியம் தொடங்கும்போது இருக்கிற குரல் முடியும்போது இல்லை. என் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, போன் ரிப்பேர் கடைக்குக் கொண்டு போனேன். அவன் வேறு ஏதோ பாட்டைப் போட்டுக் காட்டி, “போன் நல்லா இருக்கும்மா, காதைப் பாருங்க” என்றான். என் காதைப் பற்றிப் பேச அவன் யார் என்று அவனுக்கு உரைக்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து கேட்டால் அதே கதைதான்.

பிறகு ஒரு நாள் நூலகத்து மேடம் அவளுக்குப் போன் செய்தார். கேட்கிறவர்கள் நாலைந்து அத்தியாயத்தோடு நிறுத்திவிடுகிறார்களாம். குரல் தட்டையாக இருக்கிறது, தூரத்தில் இருக்கிறது, கடைசி வார்த்தைகள் விழுங்கப்படுகின்றன என்று பலர் சொல்லிவிட்டார்களாம். இந்த நாவலை வேறு குரலுக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன் என்றார். ரேடியோவில் வேலை பார்த்த ஒருவர் தயாராக இருக்கிறாராம்.

அவள் முகம் விழுந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லா அத்தியாயத்தையும் மறுபடி போட்டுக் கேட்டார்கள். எதில்? அந்த டியூப் பெட்டியில். அதில் கேட்டால் குரல் பட்டுத்துணி மாதிரி வழிகிறது. “எங்க இருக்கு தப்பு? எனக்கு ஒரு தப்பும் தெரியலையே” என்றார் மாப்பிள்ளை. “பொறாமை பிடிச்சவங்க யாரோ கிளப்பி விட்டிருக்காங்க” என்றும் சொன்னாராம். சொந்தக் கையால் செய்த பெட்டியில், கட்டிய பெண்டாட்டியின் குரலைக் கேட்கிற மனுஷன் வேறு என்ன சொல்லுவார்?

அவள் மனசு ஆறாமல் கீழே என் வீட்டுக்கு வந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். போன் அலமாரியின் மேல் தட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“யாரு பெரியம்மா இது, தகர டப்பாக்குள்ள இருந்து வாசிக்கிறது?”

“நீதான்டி.”

“விளையாடாதீங்க.”

“நான் ஏன் விளையாடப் போறேன்? இது ஆறாவது அத்தியாயம். நடு அக்கா துடுப்பை உடைக்கிற இடம்.”

அப்படியே அலமாரியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முழுசாக ஒரு பக்கம் கேட்டாள். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி கீழே உட்கார்ந்துவிட்டாள். “நான் இப்படி வாசிக்கலையே. என் காதுல இப்படி இல்லையே.”

அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது, அதை நான் சொல்லித் தரவில்லை. எழுந்து மேலே ஓடினாள். முழங்கால் வலியோடு நானும் பின்னால் போனேன், சும்மா இருக்க முடியுமா? ஹெட்ஃபோனைப் பெட்டியிலிருந்து பிடுங்கிக் கணினியில் நேராகச் செருகினாள். கேட்டாள். கழற்றிப் புருஷன் தலையில் மாட்டினாள். அவர் முகம் சுருங்கியது.

நடந்தது இதுதான். அந்தப் பெட்டி அவள் காதுக்கு மட்டும்தான் சேர்த்துக் கொடுத்தது. பதிவில் அதெல்லாம் ஏறாது. அவள் காதில் குரல் நிறைந்து, கனத்து, பக்கத்தில் கேட்டது. ரொம்பக் கனமாக இருக்கிறதே என்று கணினியில் குரலின் அடிப்பகுதியைக் குறைத்தாள். ரொம்பப் பக்கத்தில் இருக்கிறதே என்று மைக்கைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். மெல்லச் சொன்னாலே போதும், வார்த்தையின் வால் தானாக நிற்கிறதே என்று கடைசி வார்த்தைகளை இறக்கிச் சொன்னாள். அவள் குறைத்ததெல்லாம் பெட்டி சேர்த்ததை. பெட்டி இல்லாத எங்களுக்கு வந்து சேர்ந்தது குறைத்தது மட்டும். புகாரைச் சோதித்ததும் அதே பெட்டியில்!

“டியூப் மேல தப்பில்ல” என்றார் மாப்பிள்ளை, மெதுவாக.

“உங்களை யாரு தப்புன்னு சொன்னா? ஆனா என்னை இவ்ளோ அழகா எனக்கே காட்டச் சொல்லி நான் கேட்டேனா?”

“காது எரியுதுன்னு சொன்னியே.”

“எரிச்சலுக்கு மருந்து கேட்டா, மனுஷன் கண்ணாடியவே மாத்தி வச்சிருக்கார் பாருங்க பெரியம்மா.”

“நான் வேணும்னா பிரிச்சுப் போட்டுடறேன்” என்று அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். குரலில் அழுகை. “பிரிச்சீங்கன்னா நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்” என்று கத்தினாள். அவள் அம்மா போய்ச் சேர்ந்து எவ்வளவோ வருஷமாயிற்று. அதை நான் ஞாபகப்படுத்தினேன். மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகுதான் உருப்படியாகப் பேச முடிந்தது.

அவள் மேடத்துக்குப் போன் செய்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். “ஒரே ஒரு அத்தியாயம் புதுசா வாசிச்சு அனுப்பறேன் மேடம். அதைக் கேட்டு முடிவு பண்ணுங்க” என்றாள். மேடம் கண்டிப்பானவர். ஆனாலும் சரி என்றார்.

சொல்லிவிட்டாளே தவிர, வாசிக்க முடியவில்லை. நேராகச் செருகிய ஹெட்ஃபோனில் தன் குரல் கேட்டதும் அவளுக்குக் கூச்சம். வறட்சியாக, எலும்பாக இருக்கிறதாம். பிடிக்காத குரலை எப்படி நம்பி வாசிப்பது? இரண்டு பக்கம் வாசித்து நிறுத்துவாள். மறுபடி தொடங்குவாள், அதட்டுகிற மாதிரி வரும். அவள் கை தன்னை அறியாமல் அந்தப் பெட்டியின் பக்கம் போவதை நானே பார்த்தேன். எடுத்துக்கொள் என்றும் எனக்குச் சொல்லத் தோன்றியது. ஆனால் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் நான் இரும்பு.

கடைசியில் வழி கண்டுபிடித்தது மாப்பிள்ளை. லிஃப்ட் வேலையில் ஒருவர் கூண்டின் மேல் நிற்பார், இன்னொருவர் மோட்டார் பக்கம் நிற்பார். இரைச்சலில் பேச முடியாது, கையைக் காட்டித்தான் பேசிக்கொள்வார்கள். உள்ளங்கை மேலே பார்த்தால் ஏற்று, கீழே பார்த்தால் இறக்கு, முஷ்டி மூடினால் நிறுத்து. “நீ ஹெட்ஃபோனே போடாத. அதை நான் போட்டுக்கறேன், நேராச் செருகி. நீ என் கையை மட்டும் பாரு” என்றார்.

அப்படியே உட்கார்ந்தார்கள், எதிரும் புதிருமாக. வாசலில் நான், மூச்சுவிடவும் பயந்து. அவள் வெறும் காதோடு வாசிக்கத் தொடங்கினாள். அவர் உள்ளங்கையைத் தன் பக்கம் இழுத்தார். அவள் மைக்குக்கு நெருங்கினாள். வாக்கியத்தின் கடைசி வார்த்தை விழப்போகும்போது அவர் உள்ளங்கை மேலே எழும்பும்; அவள் அந்த வார்த்தையைக் கைவிடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். கொஞ்ச நேரத்தில் அவர் கைக்கு வேலை இல்லாமல் போனது. சும்மா மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் அவரைப் பார்த்துத்தான் கதை சொன்னாள். நோயாளிகள் முகத்தைப் பார்த்து எண் கூப்பிட்ட அதே பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் தன் குரலைப் பார்த்தே வாசித்துக்கொண்டிருந்தவள், அன்றைக்கு ஒரு ஆளைப் பார்த்து வாசித்தாள். எனக்கு அப்படித்தான் தோன்றியது, வேறு யாருக்காவது வேறு மாதிரி தோன்றினால் அவர்கள் தனியாக எழுதிக்கொள்ளட்டும்.

அத்தியாயத்தை அனுப்பினாள். பதில் வரும்வரை மாடிக்கும் கீழுக்குமாக நடந்து என் படிக்கட்டைத் தேய்த்துவிட்டாள். மேடத்தின் போன் வந்தபோது என் வீட்டில்தான் இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

“கேட்டேன்” என்றார் மேடம். “கதை உங்ககிட்டயே இருக்கட்டும்.”

இவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆனா முதல் அத்தியாயத்துல இருந்து எல்லாத்தையும் மறுபடி வாசிக்கணும். பழசை எடுத்துடுவோம். முடியுமா?”

“முடியும் மேடம். முடியும். இப்பவே ஆரம்பிக்கறேன்.” போனை வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு, “எவ்ளோ பெரிய புத்தகம் தெரியுமா பெரியம்மா, என் தொண்டை என்ன ஆகுறது?” என்று என்னையே திட்டினாள், ஏதோ நான்தான் எழுதின மாதிரி.

பெட்டியை அவள் ஒதுக்கவில்லை. வாசிப்பு முடிந்ததும் டியூப்புகளைச் சூடாக்கி, நாற்காலியில் சாய்ந்து பாட்டுக் கேட்பாள். காது குளிர்ந்து, அடுத்த நாள் வாசிக்கத் தெம்பு வருகிறதாம். தன் குரலை மட்டும் அதில் ஒருபோதும் போடுவதில்லை. “அது பாட்டுக்காரங்களுக்கு மரியாதை பண்ற பெட்டி. எனக்கு மரியாதை பண்ண வேண்டாம்” என்கிறாள். மாப்பிள்ளையின் கைவேலைக்கு நான் நன்றி சொல்கிறேன். இந்தத் தெருவில் வேறு யாருக்கும் கிடைக்காத பாட்டை நான் மேலே போய் அதில்தான் கேட்கிறேன். மேளத்தைப் பற்றி நான் சொன்னதை மட்டும் இன்னும் திரும்பப் பெறவில்லை.

புது முதல் அத்தியாயம் வந்த அன்று, தெரிந்த கதைதானே என்று போட்டேன். அதில் மூத்த அக்கா படகுத்துறையில் நின்று, அப்பா போன பிறகு, “நான் ஒண்ணும் அழல” என்று தங்கைகளிடம் சொல்லுவாள். பழைய பதிவில் அந்த “அழல” பாதியிலேயே தேய்ந்து போனதால், அந்தப் பெண் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறாள் என்று நான் விட்டுவிட்டேன். இப்போது அந்த வார்த்தை முழுசாக வந்து நின்றது, கடைசி எழுத்து வரைக்கும். அப்போதுதான் தெரிந்தது, அவள் பொய் சொல்கிறாள். இவ்வளவு நேரமும் அழுதுகொண்டுதான் நிற்கிறாள்.

எனக்கு எழுத்து தெரியாது. அந்த வார்த்தை காகிதத்தில் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை. டோக்கன்காரி அதை எனக்கு முழுசாகக் கொடுத்தாள். நான் போனை நிறுத்திவிட்டு, மேலே பார்த்து, “நல்லா இரும்மா” என்று சத்தமாகச் சொன்னேன். கூரைக்கு அந்தப் பக்கம் அவள் அடுத்த அத்தியாயத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்காது. அதனால்தான் இதை எழுதச் சொன்னேன்.